அக்காவுக்குப் பன்னிரண்டு, அத்தானுக்கு ஒன்பது

கொஞ்ச நாள் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சர்ச் முடிந்து வீடு திரும்பும் வழியில், முடிச்சூர் ரோட்டில் ஒரு பெட்ரோல் பங்க்கில் நிற்கிறோம். ஸ்டீயரிங்கில் அத்தான். பக்கத்தில் அக்கா. பின்சீட்டில் நான். டீசல் போடுகிறவர் வண்டியை முன்னும் பின்னும் ஒரு சுற்று பார்த்துவிட்டு, அத்தான் பக்கத்து ஜன்னலில் குனிந்தார்.

"சார், ஹைப்ரிட்னு போட்டுக்கீது. மைலேஜ் இன்னா குடுக்குது?"

"பன்னெண்டு" என்றார் அத்தான்.

அக்கா நேராகப் பார்த்தபடியே சொன்னாள். "பன்னெண்டு எனக்கு. அவருக்கு ஒம்பதுதான்."

டீசல்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். அத்தான் சிரிக்கவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கார்டை நீட்டினார், ரசீதை வாங்கினார், வண்டியை எடுத்தார். அக்காவின் முகம் வாடிப்போனது.

சரி... சண்டை இன்னும் முடியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என் அக்கா கிரேஸைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எனக்கு மூத்தவள். கணக்கு டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவள். வகுப்பில் குரலை உயர்த்தியதே இல்லை. மெதுவாகத்தான் பேசுவாள், கேட்க வேண்டுமென்றால் பிள்ளைகள்தான் அமைதியாக வேண்டும். அத்தான் சாமுவேலுக்குத் திருமுடிவாக்கம் எஸ்டேட்டில் ஒரு சின்ன ஃபேப்ரிகேஷன் யூனிட். இரும்பு கேட், மாடிப்படிக் கைப்பிடி, குடோன்களுக்கு ரேக். வாலிப வயதிலிருந்து வெல்டிங்கும் கிரைண்டருமாகவே வாழ்க்கை. வீடு முடிச்சூரில்.

வீட்டில் ஒரு காரும் யூனிட்டுக்கு ஒரு பழைய டீசல் பிக்கப்பும் இருந்தன. இரண்டையும் கொடுத்துவிட்டு ஒரே வண்டியாக வாங்கலாம் என்று அத்தான் முடிவெடுத்தார். முன்னால் ஐந்து பேர் உட்காரலாம், பின்னால் லோடு ஏற்றலாம். அதோடு, நல்ல உயரம். 2015-ல் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததைப் பார்த்தவர்களிடம், உயரமான வண்டி எதற்கு என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

வண்டி வந்த அன்று தெருவே கூடியது. "சார், இதை நைட்டு சார்ஜ் போடணுமா?" என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டார். போட வேண்டாம். டீசல் எஞ்சினோடு ஒரு சின்ன பேட்டரியும் மோட்டாரும் இருக்கின்றன, அவ்வளவுதான். வண்டி நகரும்போது மோட்டார் கொஞ்சம் கை கொடுக்கும். சிக்னலில் நியூட்ரலில் போட்டு கிளச்சை விட்டால் எஞ்சின் தானாகவே நின்றுவிடும். மறுபடி கிளச்சை மிதித்தால் சத்தமில்லாமல் எழுந்துகொள்ளும். டீசல் மிச்சம்.

எவ்வளவு மிச்சம்? அதுதான் கேள்வி.

நம் ஊரில் ஒருவர் புது வண்டி வாங்கினால் விலையைக் கேட்க மாட்டோம். அது மரியாதை இல்லை. மைலேஜ் கேட்போம். கம்பெனி ஒரு கணக்குச் சொல்லும். லாரியும் மாடும் பானிபூரி வண்டியும் இல்லாத ஏதோ ஒரு ரோட்டில் போட்ட கணக்கு. நமக்குக் கிடைப்பது வேறு. கிடைக்கிற அந்த நம்பர் வண்டியின் யோக்கியதையாக மட்டும் இருந்தால் பரவாயில்லை... ஓட்டுகிறவரின் நடத்தைச் சான்றிதழாகவும் ஆகிவிடுகிறது.

அங்கேதான் சிக்கல் வந்தது. ஒரே வண்டி. ஒரே ரோடு. அக்கா யூனிட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனால் டிஸ்ப்ளேயில் பன்னிரண்டு. அத்தான் ஓட்டினால் ஒன்பது.

முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது. அத்தான் டயரில் காற்று குறைவு என்றார். ஏ.சி. என்றார். லோடு என்றார். சர்வீஸ் சென்டருக்கு எடுத்துக்கொண்டு போனார். அங்கே எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "வண்டியில ஒண்ணும் இல்ல சார். யார் ஓட்டுறது?" என்று கேட்டிருக்கிறார்கள். அந்தக் கேள்வி அவரைக் குத்திவிட்டது. அக்காவுக்கு டிரைவிங் கற்றுக்கொடுத்ததே அவர்தான்.

அதற்குப் பிறகு வீட்டில் வேடிக்கை குறைந்துபோனது. ஒருநாள் காலையில் அக்கா போன் செய்தாள். குரலே சரியில்லை.

"அவர் என்கிட்ட பேசுறதில்லடா."

"நேத்து கூடப் பேசிட்டுத்தானே இருந்தார்?"

"சாவி எங்கன்னு கேட்பார், குழம்பு நல்லா இருக்குன்னு சொல்வார். அதெல்லாம் பேச்சா? நான் ஏதாவது சொன்னா பதில் வர்றதில்ல. வண்டியில வீட்லருந்து யூனிட் வரைக்கும் நான் பேசிக்கிட்டே வருவேன், அவர் ரோட்டைப் பார்த்துக்கிட்டே வருவார். அங்க போய் இறங்கினதும் வெல்டர் கணேசன்கிட்ட சிரிச்சுப் பேசுறார். என்கிட்ட மட்டும்தான் இப்படி."

"மைலேஜுக்காகவா?"

"வேற என்ன? பொம்பள நம்மளவிட நல்லா ஓட்டுறாளேன்னு ஒரு மனுஷனுக்கு இவ்வளவு கோவம் வருமாடா?" கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள். "இப்பல்லாம் நானும் பேசுறதைக் குறைச்சுட்டேன். சுவத்துகிட்ட பேசுற மாதிரி இருக்கு."

எனக்குக் கஷ்டமாக இருந்தது. மகள் கல்யாணமாகி கோயம்புத்தூர் போன பிறகு அந்த வீட்டில் இருப்பதே இந்த இரண்டு பேர்தான். அவர்களுக்குள் பேச்சும் நின்றுபோனால் வீட்டில் என்ன இருக்கும்?

நான் ஒரு யோசனை சொன்னேன். டிஸ்ப்ளே வேண்டாம். டேங்க்கை முழுக்க நிரப்பி ஒரு சுற்று ஓட்டுவோம், திரும்பி வந்து மறுபடி நிரப்புவோம், எவ்வளவு டீசல் பிடிக்கிறது என்று பார்ப்போம். இந்தச் சனிக்கிழமை அத்தான், அடுத்த சனிக்கிழமை அக்கா. ஒருவர் ஓட்டும்போது மற்றவர் வரக்கூடாது. நடுவர் நான். சிட்லபாக்கத்திலிருந்து காலையிலேயே வந்துவிடுகிறேன்.

அத்தான் உடனே ஒத்துக்கொண்டார். அக்காவைத் தோற்கடிக்க ஒரு வழி கிடைத்த சந்தோஷமாகத்தான் எனக்குப் பட்டது.

சனிக்கிழமை காலை. நான் முன்சீட்டில், அவருக்கு இடதுபக்கம். வெளிவட்டச் சாலையில் ஏறினோம். ரோடு காலி. ஆனால் வண்டி மூன்றாவது கியரிலேயே போய்க்கொண்டிருந்தது. எஞ்சின் அடுத்த கியருக்காகக் கெஞ்சுகிறது... எனக்கே காது வலிக்கிறது. மீட்டருக்குப் பக்கத்தில் கியரை மாற்றச் சொல்லி ஒரு சின்ன அம்புக்குறி மின்னிக்கொண்டே இருந்தது. அத்தான் அதைப் பார்க்கவே இல்லை. ரொம்ப நேரம் கழித்துத்தான் நான்காவது விழுந்தது.

நடுவர் பேசக்கூடாது. பேசாமல் இருந்தேன்.

திருமுடிவாக்கத்தில் யூனிட் வாசலைத் தொட்டுவிட்டு, பம்மல் வழியாகத் திரும்பினோம். சிக்னலில் நின்றபோதும் எஞ்சின் நிற்கவில்லை. பார்த்தால், தானாக நிற்கிற வசதியையே அவர் ஸ்விட்சில் அணைத்து வைத்திருந்தார். சின்னதாக ஆரஞ்சு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அது போதாதென்று, நின்ற இடத்திலேயே ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்துக்கொண்டும் இருந்தார். இடது கை கியர் தலையை இறுகப் பிடித்திருந்தது.

ஒன்பது எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஏன் என்றுதான் புரியவில்லை.

"ஏன் அத்தான், அந்த ஆட்டோ ஸ்டாப்பை ஆஃப் பண்ணி வச்சிருக்கீங்க?"

பதில் இல்லை.

"அத்தான், அதை ஆன் பண்ணா டீசல் மிச்சம்தானே?"

பதில் இல்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா சொன்னது சரிதான் போல, இப்போது என்மீதும் கோபம் என்று நினைத்தேன்.

பல்லாவரம் தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டில் குரோம்பேட்டையை நெருங்குகிறோம். பின்னால் ஆம்புலன்ஸ் சத்தம். தூரத்தில் கேட்டது பக்கத்தில் வந்துவிட்டது. பைக்குகள் ஒதுங்கின. ஆட்டோ ஒதுங்கியது. அத்தான் ஒதுங்கவில்லை. நடு லேனில் நிதானமாகப் போய்க்கொண்டிருந்தார். சைரன் எங்கள் முதுகிலேயே அலறுகிறது. நான் அவர் கையைத் தொட்டேன்.

சட்டென்று திரும்பினார். என் கண்ணைப் பார்க்கவில்லை. என் வாயைப் பார்த்தார்.

"ஆம்புலன்ஸ்" என்றேன், பின்னால் கையைக் காட்டி.

கண்ணாடியைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. வண்டியை ஒதுக்கினார். ஆம்புலன்ஸ் எங்களைக் கடந்து போனது. அதற்கு மேல் அவரால் ஓட்ட முடியவில்லை. அடுத்த தெருவில் திருப்பி, ஒரு இளநீர் வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினார்.

இரண்டு இளநீர் சொன்னேன். இறங்கி என் எதிரில் வந்து நின்றார். பக்கத்தில் இல்லை, நேர் எதிரில். யோசித்துப் பார்த்தால், கொஞ்ச காலமாகவே அவர் யாரிடம் பேசினாலும் அப்படித்தான் நிற்கிறார்.

"எஞ்சின் ஓடுதா நின்னுடுச்சான்னு எனக்குத் தெரியல மச்சான்" என்றார். "அதான் விஷயம்."

"புரியல அத்தான்."

"பழைய வண்டி உதறும். ஸ்டீயரிங் பிடிச்சாலே தெரிஞ்சிடும். இது பஞ்சு மாதிரி இருக்கு. வாங்கின புதுசுல சிக்னல்ல தானா நின்னுடுச்சு. எனக்குத் தெரியவே இல்ல. பச்சை விழுந்து எடுக்கலாம்னு பார்த்தா ஓடுதா இல்லையான்னு குழப்பம். என்னென்னவோ அமுக்குறேன். பின்னாடி எத்தனை பேர் ஹாரன் அடிச்சானோ... ஒருத்தன் இறங்கி வந்து கதவைத் தட்டினப்பதான் திரும்பினேன். அதுக்கப்புறம் அதை ஆஃப் பண்ணிட்டேன். காலை வச்சு அமுக்கிட்டே இருந்தா, பாதத்துல அதிர்வு தெரியும். அப்பதான் எனக்கு தைரியம்."

"கியர்?"

"சத்தத்தை வச்சுத்தானே மாத்துவோம்? சத்தம் கேட்டாத்தானே."

இளநீர்க்காரர் நீட்டியதை இரண்டு பேரும் வாங்கிக்கொண்டோம். குடிக்கத் தோன்றவில்லை.

"எவ்வளவு நாளா அத்தான்?"

"தெரியல. கொஞ்சம் கொஞ்சமாப் போச்சு. இடது காது முதல்ல. யூனிட்ல எல்லாரும் கத்திதான் பேசுவோம், அங்க ஒண்ணும் தெரியல." இளநீரைக் கையில் உருட்டிக்கொண்டே சொன்னார். "பேத்தி போன் பண்ணா ஸ்பீக்கர்ல போட்டு உங்க அக்காகிட்ட குடுத்துடுவேன். அவ சிரிக்கும்போது நானும் சிரிப்பேன்."

தோளில் கை வைத்தேன்.

"நீங்களே அக்காகிட்ட சொல்லிடுங்க" என்றேன், அவர் முகத்துக்கு நேராக.

தலையாட்டினார். பிறகு, நான் கேட்காமலே, சாவியை எடுத்து என் கையில் வைத்தார். வாகனம் ஓட்டுவதில் அத்தனை பெருமை உள்ள மனிதர். சாவி கனத்தது எனக்கு. தாம்பரம் மேம்பாலம் ஏறி இறங்கி முடிச்சூர் போய்ச் சேர்ந்தோம்.

அக்கா கேட் பக்கத்திலேயே நின்றிருந்தாள். நான் ஓட்டிவருவதைப் பார்த்ததும் அவளுக்குப் பயம் வந்துவிட்டது. "என்னாச்சு? ஏன் நீ ஓட்டிட்டு வர்ற?"

அத்தான் இறங்கினார். அவள் எதிரில் போய் நின்றார்.

"கிரேஸ்... எனக்குக் காது கேக்கல."

சுற்றி வளைக்கவில்லை. அவ்வளவுதான் சொன்னார்.

அக்கா அவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி அவரைப் பார்த்தாள். வண்டியில் பதில் வராத பேச்செல்லாம் அவள் மனதில் ஓடியிருக்க வேண்டும். அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய் உட்காரவைத்தாள். தண்ணீர் கொடுத்தாள். பிறகுதான் அவளுக்குக் கோபம் வந்தது. கோபத்திலும் மெதுவாகத்தான் பேசினாள், ஆனால் ஒவ்வொரு வார்த்தையாக, அவர் பார்க்கும்படி.

"ஏங்க சொல்லல? சொல்லியிருந்தா நான் சத்தமாப் பேசியிருப்பேன்ல?"

"அதுக்குத்தான் சொல்லல" என்றார் அத்தான். "நீ கத்திப் பேசி நான் கேட்டதே இல்ல. என்னால நீ அப்படி ஆரம்பிக்க வேணாம்னு பார்த்தேன்."

நான் எழுந்து கேட் வரைக்கும் போய்விட்டு வந்தேன். சில நேரங்களில் நடுவருக்கு அங்கே வேலை இல்லை.

அடுத்த வாரமே டாக்டரிடம் போனார்கள். துணைக்கு நானும். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கச் சொல்லுவார்கள் இல்லையா? அத்தான் அதிலும் மார்க் வாங்கப் பார்த்தார். வெளியே மெஷினைத் திருகுகிற பெண்ணின் கையைக் கவனித்து அமுக்கியிருக்கிறார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே நாற்காலியைத் திருப்பிப் போட்டுவிட்டார்.

டெஸ்ட் முடிந்து அந்தப் பெண்தான் விளக்கினார். வருஷக்கணக்கில் கிரைண்டர் சத்தத்தில் இருந்தவர்களுக்கு வருவதுதான். எல்லாச் சத்தமும் ஒரே நேரத்தில் போகாது. மெல்லிய, உச்ச ஸ்தாயிச் சத்தங்கள் முதலில் போகும். காலிங்பெல், சைரன், குழந்தைகள் பேச்சு, பெண்களின் குரல். ஆண்களின் கட்டைக் குரல் ஓரளவு கேட்கும்.

அக்கா கேட்டாள். "அப்ப... மத்தவங்க பேசினது கேட்டிருக்கும். நான் பேசினது மட்டும்?"

"உங்க குரல் ரொம்ப சாஃப்ட்டும்மா. உங்களோடதுதான் முதல்ல போயிருக்கும்."

வெளியே வந்து வராந்தா நாற்காலியில் உட்கார்ந்து அக்கா அழுதாள். "என்கிட்ட மட்டும்தான் இப்படி இருக்கார்னு நினைச்சேன்டா. நிஜமாவே என்னை மட்டும்தான் அவருக்குக் கேக்கல" என்றாள். அழுதுகொண்டே சிரிப்பும் வந்துவிட்டது அவளுக்கு. அத்தான் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன சொல்கிறாள் என்று புரியாமலே அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

காதில் மாட்டுகிற மெஷின் தயாராகிற வரைக்கும் அக்காதான் வண்டி ஓட்டினாள். அத்தான் இடதுபக்கம் உட்கார்ந்து, அவள் கியர் மாற்றுவதை வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டு வந்தார்.

இரண்டு காதுக்கும் மெஷின் வந்தது. டாக்டர் ஓட்டலாம் என்று சொன்ன பிறகு முதல் நாள் வண்டியை எடுத்தார். தெருமுனையில் திரும்பும்போது நிறுத்திவிட்டார்.

"ஏதோ டிக்டிக்னு சத்தம் வருது. என்னது அது?"

"இண்டிகேட்டருங்க" என்றாள் அக்கா.

இண்டிகேட்டருக்குச் சத்தம் உண்டு என்பதையே மனிதர் மறந்துபோயிருக்கிறார். எத்தனை நாள் அதை அணைக்காமலே வெளிவட்டச் சாலை முழுக்கப் போனாரோ, கர்த்தருக்குத்தான் தெரியும்.

யூனிட்டில் இப்போது எல்லோருக்கும் காதை மூடுகிற ஹெட்செட் வாங்கிக் கொடுத்திருக்கிறார். கணேசன் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிகிறாராம். "கழுத்துக்கா வாங்கிக் குடுத்தேன்?" என்று தினமும் ஒரு சத்தம்.

மைலேஜ்? பதினொன்றைத் தாண்டிவிட்டார். அக்கா இன்னும் பன்னிரண்டில்தான் இருக்கிறாள். டேங்க் நிரப்பி ஓட்டுகிற போட்டியை அப்புறம் யாரும் ஞாபகப்படுத்தவில்லை.

நான் ஒன்றை யோசித்துப் பார்க்கிறேன். வண்டியில் மைலேஜ் குறைந்ததும் டயரைப் பார்த்தோம், ஏ.சி.யைப் பார்த்தோம், சர்வீஸ் சென்டர் வரைக்கும் போனோம். வீட்டில் பேச்சு குறைந்தபோது? கோபம் என்று உடனே முடிவு கட்டிவிட்டோம். அக்காவும் நானும்தான்... வேறு என்னவாக இருக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை. உங்கள் வீட்டிலும் யாராவது கொஞ்ச நாளாகப் பதில் சொல்லாமல் இருக்கிறார்களா? முகத்தைத் திருப்பிக்கொள்வதற்கு முன்னால், ஒரு தடவை எதிரில் போய் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள்.

போன வாரம் அவர்களோடு தாம்பரம் வரைக்கும் போனேன். சிக்னல் சிவப்பு. அத்தான் நியூட்ரலில் போட்டு காலை எடுத்தார். எஞ்சின் அடங்கியது. வண்டிக்குள் அப்படியொரு அமைதி. அந்த அமைதியில் அக்கா ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள், பக்கத்து வீட்டு மோட்டார், டேங்க் நிறைந்து வழிந்தது என்று ஒன்றுமில்லாத கதை. அவளுடைய அதே மெதுவான குரலில். அத்தான் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன்கள் ஆரம்பித்தன.

"அத்தான், ஹாரன் அடிக்கிறாங்க" என்றேன்.

"கேக்குது மச்சான்" என்றார். "அவ சொல்லி முடிக்கட்டும்."